நுங்கம்பாக்கம் முதல் ஹான்லே வரை: இந்திய வானியற்பியல் நிறுவனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் நூலகங்களிலும் வானியல் பற்றிப் பேசப் போகும்போது சில கேள்விகள் தவறாமல் வருகின்றன. மேடையில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு வருவது மனத்துக்கு நிறைவாக இருப்பதில்லை. அதனால் விடைகளைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் முளைத்த ஒரு நிறுவனத்தின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது என்பதும் ஒரு காரணம்.

தேசிய வானியல் ஆய்வு நிறுவனம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெங்களூரு கோரமங்கலாவில் தலைமையகம் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தை. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வரும் தன்னாட்சி அமைப்பு அது. கொடைக்கானல், காவலூர், கௌரிபிதனூர், லடாக்கின் ஹான்லே ஆகிய இடங்களில் அதன் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. பெங்களூருக்கு அருகில் ஹோசகோட்டேயில் ஒரு வளாகம் உண்டு.

நாட்டில் வானியலுக்கென்று இருப்பது இது ஒன்றுதான் என்று எண்ணிவிட வேண்டாம். நைனிதாலிலும் புனேயிலும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. பெங்களூரிலேயே ராமன் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஆனால் இருநூறு ஆண்டுக்கு மேல் வேர் ஓடியிருப்பது இதற்குத்தான். அந்த வேர் சென்னையில் இருக்கிறது.

நிறுவனம் தொடங்கியது 1971 என்கிறார்கள், 1786 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. 1971 ஏப்ரலில் அது தன்னாட்சி நிறுவனமாகப் பதிவு பெற்றது. அதுவரை கொடைக்கானல் ஆய்வகம் என்ற பெயரில், வானிலைத் துறையோடு சேர்ந்து அரசு அலுவலகமாக இருந்தது. அந்தக் கொடைக்கானல் ஆய்வகமோ சென்னை வானாய்வகத்தின் தொடர்ச்சி.

சென்னையில் தொடங்கிவைத்தவர் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1786-இல் எழும்பூரில் தன் வீட்டிலேயே கருவிகளை வைத்து வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் கருவிகள் கம்பெனியின் கைக்கு வந்தன. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கென்று ஒரு கட்டடம் எழுந்தது. வடிவமைத்தவர் மைக்கேல் டாப்பிங். மனிதர்களும் கருவிகளும் பதிவேடுகளும் நுங்கம்பாக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கும், அங்கிருந்து பெங்களூருக்கும் கைமாறி வந்திருக்கின்றன. சட்டப்படி பிறந்த நாளைக் கேட்டால் 1971 என்பேன். வேலை தொடங்கிய நாளைக் கேட்டால் 1786.

அந்த நுங்கம்பாக்கம் கட்டடம் இப்போதும் இருக்கிறதா?

கட்டடம் இல்லை, தூண் இருக்கிறது. கல்லூரிச் சாலையில் இருக்கும் வானிலை மைய வளாகத்தில் அது நிற்கிறது. பத்து டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல். நட்சத்திரம் உச்சியைக் கடக்கும் நொடியைக் குறிக்கும் தொலைநோக்கியை அதன் தலையில் பொருத்தியிருந்தார்கள். வண்டி போனாலும் ஆள் நடந்தாலும் அதிராத பீடம் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு கனமான கல்.

தூணில் டாப்பிங்கின் பெயரும் ஆண்டும் ரோமன் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. தமிழிலும் தெலுங்கிலும்கூட கல்வெட்டு உண்டு. ஆசியாவில் கணித அறிவியலைப் பிரிட்டிஷாரின் தாராள மனம் முதன்முதலில் ஊன்றிய காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறிய வேண்டும் என்பது அதன் சாரம். 'முதன்முதலில்' என்ற சொல்லை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆரியபட்டரும் பாஸ்கரரும் கேரளத்து மாதவரும் பிறந்த மண்ணில், யாரும் வந்து கணிதத்தை ஊன்ற வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது, இங்கிருந்துதான் இந்த நாட்டின் நேரமும் வரைபடமும் கணக்கிடப்பட்டன என்ற எண்ணம் வராமல் இருக்காது.

வியாபாரம் செய்ய வந்த கம்பெனிக்கு நட்சத்திரத்தால் என்ன பயன்?

கப்பல். கரையோரத்தில் எந்த இடம் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாவிட்டால் சரக்கோடு கப்பலும் பாறையில் மோதும். இரண்டு ஊர்களின் உள்ளூர் நேரத்துக்கு இடையே 4 நிமிடம் வித்தியாசம் இருந்தால், அவை ஒரு பாகை தள்ளி இருக்கின்றன. ஆகவே தீர்க்கரேகையை அறிய நேரத்தை அறிய வேண்டும்; நேரத்தை அறிய நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். வியாழனின் நிலவுகள் நிழலில் மறையும் கணத்தைக் குறித்துக்கொண்டு சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார்கள். 1802-இல் பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கும் சென்னை ஆய்வகமே ஆதாரப் புள்ளி.

நேரத்திலும் அப்படித்தான். சென்னையிலிருந்து தந்தி வழியாக நேரம் அனுப்பப்பட்டது. ரயில்வேக்கள் நீண்ட காலம் 'சென்னை நேர'த்தையே பின்பற்றின. இன்றைய இந்திய நேரத்துக்கு அது ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. 82½ பாகையை வைத்துக் கணக்கிடும் இந்தியச் சீர்நேரம் 1906-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அன்று அங்கே வேலை செய்த இந்தியர்கள் யாரும் இல்லையா?

இருந்தார்கள். பெயர் பதிவாகாமல் போனவர்களே அதிகம். டி. ஜி. டெய்லர் சென்னை ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த காலத்தில் 1844-இல் 11,015 நட்சத்திரங்களின் இருப்பிடத்தைச் சொல்லும் பட்டியல் வெளிவந்தது. ஒரு நட்சத்திரத்தைப் பலமுறை பார்த்து, அளந்து, காற்று ஒளியை வளைப்பதற்குத் திருத்தம் போட்டு, கையால் கூட்டிக் கழித்து எழுதிய காலம் அது. அவ்வளவு கணக்கையும் ஒருவர் மட்டும் போட்டிருக்க முடியாது. தலைப்பில் மட்டும் ஒரே பெயர்.

பெயர் நின்ற ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, இயக்குநர் பாக்சனின் காலத்தில் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் தென்வானத்தின் வலை மண்டலத்தில் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். அந்த நட்சத்திரம் சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான் எழும்பும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஒன்றரை முட்டி உயரம், அவ்வளவே. புழுக்கமும் புகையும் படியும் அந்தத் தாழ்ந்த வானத்தில் மங்கலான ஒரு புள்ளியை விடாமல் பார்த்து, இது மாறுகிறது என்று சொல்ல எவ்வளவு பொறுமை வேண்டும்! 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

இன்னொன்றுக்காகவும் அவரை நான் மதிக்கிறேன். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, அதை எளிய மக்களுக்கு விளக்க ஒரு சிறு நூல் எழுதி இந்திய மொழிகள் பலவற்றில் வரச் செய்தார். பழைய வாக்கியக் கணிதத்தை, கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று வாதாடித் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டவரும் அவரே. வாக்கியமா திருக்கணிதமா என்று இன்றும் நம் வீடுகளில் நடக்கும் பேச்சின் பின்னால், தொலைநோக்கியருகே நின்று பழகிய இவர் இருக்கிறார்.

சென்னையை விட்டுக் கொடைக்கானலுக்கு ஏன் போனார்கள்? சோற்றுக்கு வழியில்லாத நாட்டுக்கு மலைமேல் வானாய்வகம் எதற்கு?

இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் கொடைக்கானல் ஆய்வகத்தின் தோற்றத்துக்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்ததற்குக் காரணம் என்ன, முன்கூட்டியே அறிய வழி உண்டா என்ற கேள்வி எழுந்தது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அந்த ஏற்ற இறக்கத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று பலர் நம்பினார்கள். நாள்தோறும் சூரியனைப் பார்க்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கை அதனால் வலுப்பெற்றது.

சென்னையின் வெப்பக் காற்றில் சூரியப் படம் கலங்கித் தெரியும். பழனி மலையில் 2,343 மீட்டர் உயரத்தில், சென்னை ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்த மிச்சி ஸ்மித் இடம் தேர்ந்தார். 1899-இல் ஆய்வகம் நிறுவப்பட்டது. மோட்டார் போகும் மலைப்பாதை வராத காலம். கண்ணாடியும் இரும்பும் மனித உழைப்பால்தான் மேலே ஏற வேண்டியிருந்தது.

அன்று எதிர்பார்த்தபடி கரும்புள்ளியை எண்ணி மழையைச் சொல்லிவிட முடியவில்லை. பருவமழை கடலையும் நிலத்தையும் காற்றையும் சார்ந்து இயங்கும் பெரிய விவகாரம். ஆனால் மழைக்காகத் தொடங்கிய பதிவேடு வேறொன்றுக்கு உதவியது.

எதற்கு உதவியது?

முதலில், எவர்ஷெட் விளைவு. ஜான் எவர்ஷெட் 1907-இல் கொடைக்கானலுக்கு வந்தார். 1909 ஜனவரியில் கரும்புள்ளிகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது, புள்ளியைச் சுற்றியுள்ள மங்கிய வளையத்தில் கோடுகள் ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும் மறுபக்கம் நீலத்தை நோக்கியும் விலகியிருந்தன. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உரத்துக் கூர்மையாகவும் விலகிப் போவது தணிந்தும் கேட்பதுபோல, நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலத்துக்கும் விலகுவது சிவப்புக்கும் நகரும். வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்று அவர் கண்டார். சூரிய இயற்பியல் பாடப்புத்தகம் எதை எடுத்தாலும் இந்தக் கண்டுபிடிப்பு இருக்கும். செய்த இடம் கொடைக்கானல் என்பதை நம் ஊர்ப் பயணக் கையேடுகள்தான் சொல்வதில்லை.

அடுத்தது, எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது: படங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும் அங்கே சூரியனைப் படம் பிடித்திருக்கிறார்கள். 1850-இல் பாரிஸில் செய்த ஒரு 15 செ.மீ. தொலைநோக்கி சென்னையிலிருந்து மலையேறி வந்து இந்த வேலைக்கு அமர்ந்தது. சாதாரண ஒளியில் ஒரு படம். கால்சியம் உமிழும் ஊதா ஒளியில் ஒரு படம். 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் ஒரு படம். இந்த ஒற்றை நிறப் படங்களை எடுக்க, சூரிய பிம்பத்தின் மீது மெல்லிய பிளவு ஒன்றை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகர்த்த வேண்டும். கண்ணாடித் தட்டில் கீற்றுக் கீற்றாகச் சூரியன் பதியும். நகர்வில் சிறு தடுமாற்றம் வந்தாலும் படத்தில் கோடு விழுந்துவிடும். காலைப் பனி விலகியதும் கூரையைத் திறந்து, தட்டைப் பொருத்தி, இருட்டறையில் கழுவி, தேதி எழுதி, உறையில் போட்டு அடுக்குவதை அங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறார்கள். இரண்டு உலகப் போர்களும் நாட்டு விடுதலையும் நடந்த ஆண்டுகளின் சூரியனும் அந்த அடுக்குகளில் இருக்கிறது.

இன்று அவை எண்ணியல் வடிவுக்கு மாற்றப்பட்டு உலகெங்கும் ஆய்வாளர்களால் பயன்படுத்தப்படுகின்றன. சூரியனின் காந்தப்புலம் நூறு ஆண்டுகளில் எப்படி மாறியது என்று அறிய வேண்டுமானால், எவ்வளவு பணம் கொட்டினாலும் 1910-ஆம் ஆண்டின் சூரியனை இப்போது போய்ப் படம் எடுக்க முடியாது. அந்தத் தட்டுகளைத்தான் கேட்டாக வேண்டும்.

கொடைக்கானல் இருக்கும்போது காவலூர் எதற்கு?

கொடைக்கானலின் பகல் நல்லது; இரவு நல்லதல்ல. மேகமும் பனிமூட்டமும் பாதி இரவுகளை விழுங்கிவிடும். 1960-இல் இயக்குநராக வந்த வைணு பாப்பு இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர். சென்னையில் 1927-இல் பிறந்தவர். தந்தை ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியதால், தொலைநோக்கியின் அருகிலேயே வளர்ந்தவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே 1949-இல் ஒரு வால்மீனைக் கண்டார். நட்சத்திர நிறமாலையில் கால்சியம் கோட்டின் அகலத்தை வைத்து அந்த நட்சத்திரத்தின் உண்மையான ஒளிர்வைக் கணிக்கலாம் என்று அமெரிக்க வானியலாளர் வில்சனோடு சேர்ந்து 1957-இல் காட்டினார்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் சவ்வாது மலையில், வாணியம்பாடிக்கு அருகே உள்ள காவலூர். உயரம் 725 மீட்டர்தான். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு 12½ பாகை வடக்கே இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கே தெரியும். ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவே உள்ள நீண்ட இடைவெளியையும் அது நிரப்புகிறது. ஓர் இடத்தில் விடிந்துவிட்டால் இன்னோர் இடத்தில் பார்வையைத் தொடர வேண்டும் என்பதால் அந்த நடு இடம் விலைமதிப்பற்றது. 1968-இல் நிறுவனத்தின் சொந்தப் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது.

காவலூரில் சொல்லிக்கொள்ளும்படி என்ன நடந்தது?

1972-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு ஜூனில் வியாழனின் நிலவான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற அறிகுறி காவலூரில் கிடைத்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியது. கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி திடீரென்று மங்கி மீண்டது. புதிய நிலவு ஒன்று குறுக்கே வந்திருக்கும் என்று காவலூர்க்காரர்கள் முதலில் எண்ணினார்கள். உலகின் மற்ற இடங்களில் எடுத்த பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, அது யுரேனஸின் வளையம் என்று தெரிந்தது. 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் அங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர்; எண் 4130. ஆசியா என்ற பெயரில் பாக்சன் 1861-இல் சென்னையிலிருந்து கண்ட குறுங்கோளுக்குப் பின் நூறாண்டுக்கு மேல் கடந்து, அதே மரபில் வந்த கண்டுபிடிப்பு.

காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி உண்மையிலேயே இந்தியாவில் செய்ததா?

ஆம். கண்ணாடிக் கட்டி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைக் குடைந்து, தேய்த்து, மெருகேற்றியது நிறுவனத்தின் சொந்தக் கூடத்தில். ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு அளவுக்குத்தான் பிழை இருக்கலாம் என்ற நிலையில் கையின் சூடுகூடக் கணக்கில் வரும். கொஞ்சம் தேய்ப்பது, ஆற விடுவது, சோதிப்பது, மறுபடியும் கொஞ்சம் தேய்ப்பது. ஆண்டுக்கணக்கில் இதுதான் வேலை. பட்டனை அமுக்கிப் பெரிய தொலைநோக்கி வாங்க முடிந்த காலத்திலும் இப்படி ஒன்றைச் செய்து கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே பழகிய கைகளும் பட்டறைகளும் இல்லாமல் பின்னால் விண்வெளிக் கருவிகள் வந்திருக்காது.

அதைத் திட்டமிட்ட பாப்பு அதில் வானத்தைப் பார்த்தாரா?

இல்லை. 1982 ஆகஸ்டில் மியூனிக்கில் காலமானார். அப்போது அவர் உலக வானியலாளர் சங்கத்தின் தலைவர், வயது 55. தொலைநோக்கி 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கும் காவலூர் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

ஹான்லே ஏன் அவ்வளவு தூரத்தில்?

ஒளியை, குறிப்பாக அகச்சிவப்பு ஒளியை, உறிஞ்சுவது காற்றிலுள்ள நீராவி. அது மிகக் குறைவாக இருக்கும் இடம் வேண்டுமென்றால் உயரமான குளிர்ப் பாலைவனத்துக்குப் போக வேண்டும். ஹான்லே 4,500 மீட்டர் உயரம்; காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம் அளவே. பருவமழை மேகங்கள் இமயத்தைத் தாண்டி அங்கே பெரிதாக வருவதில்லை. அங்கே உள்ள 2 மீட்டர் தொலைநோக்கிக்கு சுப்ரமணியன் சந்திரசேகரின் நினைவாக 'சந்திரா' என்று பெயர். 2000 செப்டம்பரில் முதன்முதலாக ஒளியைக் கண்டது. மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் இரவெல்லாம் ஆட்கள் விழித்திருக்க வேண்டியதில்லை. ஹோசகோட்டேயில் அமர்ந்தபடி செயற்கைக்கோள் இணைப்பில் அதை இயக்குகிறார்கள்.

2022-இல் அந்தப் பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள சிற்றூர் மக்களுக்குத் தொலைநோக்கிகளும் பயிற்சியும் கொடுத்து, வருவோருக்கு வானத்தைக் காட்டும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். தெருவிளக்கை மறைக்கச் சொல்லும்போது அந்த ஊருக்கும் அதில் வருமானம் இருக்க வேண்டும் என்று யோசித்தது மிக நல்ல செயல்.

விண்வெளியில் இந்த நிறுவனத்தின் பங்கு என்ன?

2015-இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் என்ற இந்திய வானியல் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கியை உருவாக்கும் பணியைத் தலைமையேற்று நடத்தியது. 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவி இதன் ஹோசகோட்டே ஆய்வகத்தில் உருவானது. சூரிய வட்டை மறைத்துச் செயற்கையாக ஒரு கிரகணத்தை உண்டாக்கி, சுற்றியுள்ள மங்கிய ஒளிவட்டத்தைப் பார்க்கும் கருவி அது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கிறது.

இங்கே ஆய்வாளராகச் சேர என்ன படிக்க வேண்டும்?

இயற்பியலும் கணிதமும் திடமாக இருக்க வேண்டும். முதுகலை இயற்பியல் முடித்து, ஜெஸ்ட் போன்ற தேசியத் தேர்வு வழியாக முனைவர் பட்டத்துக்குச் சேர்வது வழக்கமான பாதை. மின்னணுவியல், இயந்திரவியல், கணினி படித்தவர்களுக்கும் கருவிப் பிரிவில் இடமுண்டு. தமிழ்வழியில் படித்தவர்கள் தயங்கவே வேண்டாம்.

பொதுமக்கள் போய்ப் பார்க்கலாமா?

கொடைக்கானலில் பகலில் அருங்காட்சியகம் பார்க்கலாம். காவலூரில் சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம். வானம் தெளிவாக இருந்தால் மாலையில் சிறிய தொலைநோக்கியில் காட்டுவார்கள். நேரமும் விதிமுறையும் மாறும் என்பதால் நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மழைக்காலத்தைத் தவிர்த்து, ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், நிலா இல்லாத வாரமாகப் பார்த்துப் போனால் ஏமாற்றம் இருக்காது.

நான் முதன்முறை போனபோது எனக்கு முன்னால் வரிசையில் ஒரு பாட்டி நின்றிருந்தார். சனிக் கோளைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. 'வளையம் நிஜமாகவே இருக்கிறதே' என்று மட்டும் சொன்னார். பொறுப்பாளர் அவரை அவசரப்படுத்தவில்லை. கைப்பேசி வெளிச்சத்தை மட்டும் அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும். ஒருவர் திரையைத் திறந்தால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அந்த இருபது நிமிடம் மறுபடியும் தொடங்கும்.